அது சுறாக்குட்டி இல்லண்ணா, வயசுக்கு வந்த மீனு

அண்ணா, நீங்க கேட்டது இதான். போன ஞாயித்துக்கெழம வேலூர் மீன் மார்க்கெட்ல ஒரு முழ நீளத்துக்கு ஒல்லியா ஒரு சுறா பாத்தீங்க, சாம்பலும் பழுப்பும் கலந்த கலரு, கோடு புள்ளி ஒண்ணும் இல்ல, மூக்குகிட்ட ரெண்டு சின்ன மீசை, ஒடம்புல பாதி வாலாவே இருந்துது. கடைக்காரரு "சுறாக்குட்டி"ன்னாரு, குட்டியப் போயி வெட்றாங்களேன்னு மனசு கேக்காம வாங்காம வந்துட்டீங்க. கூட வந்த பையன் வேற "சுறா நீந்தாம நின்னா செத்துடும்பா"ன்னு சொல்லிக்கினே வந்தான், அது நெஜமா, இந்த மாதிரி ஒண்ண வீட்டு கண்ணாடித் தொட்டியில வளக்க முடியுமான்னு கேட்டிருந்தீங்க.

நான் சத்துவாச்சாரிக்காரன், படிச்சது ஜுவாலஜி, அப்புறம் நாலு வருஷம் காசிமேடு, பழவேற்காடுன்னு கரையில எறங்குற மீன அளந்து நோட்ல எழுதுற வேல. தண்ணியில்லாத ஆத்தங்கரைல பொறந்துட்டு கடலுக்கு இன்னாத்துக்குடா போறன்னு எங்க ஆயா கேட்டுக்கினே இருக்கும். அந்த நாலு வருஷத்துல நான் அதிகமா கையில புடிச்ச சுறால நீங்க பாத்ததும் ஒண்ணு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல அது குட்டி இல்ல. நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது சாம்பல் மூங்கில் சுறா, கைலோசிலியம் கிரிசியம்னு 1838-ல பேரு வச்சது. ஒரு முழம்னா பூக்காரம்மா கணக்குல 45 சென்டிமீட்டர் வருது இல்ல, இந்த ஜாதில ஆம்பள மீனு 45-ல இருந்து 55 சென்டிமீட்டருக்குள்ளயே வயசுக்கு வந்துடும், பெருசுன்னா முக்கா மீட்டர், அதுக்கு மேல போனாலும் ரெண்டு வெரக்கட கூட இருக்காது. அதாவது நீங்க பாத்து பரிதாபப்பட்டது பொண்டாட்டி புள்ளன்னு ஆகிட்டிருக்கக்கூடிய ஒரு ஆளு. சுறான்னாலே படத்துல வர்ற மாதிரி படகு சைசுக்கு இருக்கணும்னு நம்ம மனசுல பதிஞ்சுபோச்சு, அதவிட சின்னதா இருந்தா குட்டின்னு சொல்லிடறோம். கடைக்காரரையும் தப்பு சொல்ல முடியாது, அவருக்கு சுறான்னா வியாபாரம் பால் சுறாதான், அதுக்குப் பக்கத்துல இது எளசா தெரியுது.

இன்னொரு வேடிக்கை இன்னான்னா, அது ஒடம்புல பட்டை இல்லாததே பெரியதுன்னு காட்டிக்குடுக்குது. முட்டையில இருந்து வெளிய வர்றப்ப ஒரு ஜாண்கூட இருக்காது, 12 சென்டிமீட்டருக்கும் கொறச்சல்தான், அப்ப ஒடம்பு பூரா கறுப்பு பட்டை பட்டையா, கணு வச்ச மூங்கில் துண்டு மாதிரியே இருக்கும், அதப் பாத்தா இந்தப் பேரு ஏன்னு கேக்கவே தோணாது. வளர வளர பட்டை மங்கி கடைசில வெறும் சாம்பல் பழுப்பு. ஜவ்வாது மல பக்கம் காட்டுப்பன்னி குட்டியப் பாத்திருக்கீங்களா, முதுகுல கோடு கோடா இருக்கும், பெருசானா ஒண்ணும் இருக்காது, அதே கததான். அதனால அடுத்த தடவ கோடு போட்ட பொடிசு ஒண்ணு தட்டுல கெடந்தா அப்பதான் நீங்க வருத்தப்படணும். ஆனா ஒண்ணு, ஒடம்பு பூரா பொடிப் பொடியா புள்ளியும் கோடுமா இன்னும் ஒல்லியா ஒண்ணு வரும், அது இந்தக் குடும்பத்துலயே வேற ஜாதி, அதுக்கு பெருசானாலும் புள்ளி போகாது, அதையும் குட்டின்னு நெனச்சுடாதீங்க.

ஆணா பொண்ணான்னும் வயசுக்கு வந்துதான்னும் நீங்களே பாக்கலாம். திருப்பிப் போடச் சொல்லுங்க. வயித்துக்குக் கீழ பின்னாடி ரெண்டு துடுப்பு இருக்கு பாருங்க, அதுங்களுக்கு நடுவுல சுண்டுவெரல் மாதிரி ரெண்டு குச்சி நீட்டிக்கினு இருந்தா ஆம்பள. அத வெரல்ல புடிச்சு வளைங்க. வெண்டக்கா பிஞ்சு மாதிரி வளைஞ்சா இன்னும் சின்னப் பையன், முத்துன வெண்டக்கா மாதிரி வெறைப்பா நின்னா வயசுக்கு வந்தாச்சு, உள்ள சுண்ணாம்பு ஏறி கெட்டியாயிருக்கும். நாங்க கரையில நூறு மீன அப்படித்தான் வளைச்சு வளைச்சு பாத்து எழுதுவோம், மார்க்கெட்ல செஞ்சா கடைக்காரரு ஒரு மாதிரி பாப்பாரு, அது உங்க பாடு.

இப்ப குட்டிங்கற வார்த்தைக்கே வர்றன். நாம ஆட்டுக்குட்டின்றோம், கோழிக்குட்டின்னு சொல்றதில்ல, முட்டை பொரிச்சு வந்தா குஞ்சு. அந்தக் கணக்கு இங்க ரொம்ப அழகா பொருந்துது. பால் சுறான்னு விக்கிறாங்களே, அது நெஜமாவே குட்டிதான் போடும், செனையா இருக்கறத அறுத்தா உள்ள குட்டிங்க தொப்புள்கொடியோட இருக்கும், நான் மொத தடவ அதப் பாத்தப்ப அன்னிக்கு மதியம் சோறு எறங்கல. மூங்கில் சுறா அப்படி இல்ல, முட்டை போடுது, ஒரு தடவைக்கு ரெண்டு. ஆகவே கோடு போட்ட அந்த 12 சென்டிமீட்டர் பொடிசுகூட நம்ம தமிழ்ல குஞ்சுதான், குட்டி இல்ல.

முட்டைன்னா கோழி முட்டை மாதிரி ஓடு கெடையாது. பழுப்பு கலர்ல தட்டையா, தொட்டா வாணியம்பாடி ஆம்பூர் பக்கம் பதம் பண்ணி ஈரமா வச்ச தோலு மாதிரி இருக்கும், மேல நாரு நாரா கெடக்கும், அந்த நாரு பாசி, பவளம்னு எதுலயாவது சிக்கிக்கும். அம்மா போட்டுட்டுப் போயிடும், அடகாக்கறதெல்லாம் கெடையாது. உள்ள மஞ்சக்கருவ கொஞ்சம் கொஞ்சமா சாப்ட்டு மூணு மாசத்துல இருந்து அஞ்சு மாசம் வரைக்கும், ஜாதியையும் தண்ணி சூட்டையும் பொறுத்து, அதுவா வளரும். பழவேற்காட்ல ஒரு தடவ வலையோட வந்த முட்டை ஒண்ண வெயிலுக்கு நேரா தூக்கிப் பாத்தன். உள்ள நூல் மாதிரி ஒரு உருவம், வால மட்டும் அந்தாண்ட இந்தாண்ட அடிச்சுக்கினே கெடக்குது, நிறுத்தவே இல்ல. முட்டை ஓரத்துல சின்னக் கீறல் திறந்துக்கும், இது வால ஆட்டி ஆட்டித்தான் புதுத் தண்ணிய உள்ள இழுத்து மூச்சு விடுது.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. வால் ஆடுனா தண்ணி கலங்கும், வாசனை வெளிய போகும், பெரிய மீனு கண்டுபுடிச்சுரும் இல்ல? 2013-ல ஆஸ்திரேலியா ஆளுங்க பழுப்புப் பட்டை மூங்கில் சுறா, அதாவது இதோட ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி, அதோட முட்டைய வச்சு சோதன பண்ணாங்க. எந்த உயிரு கிட்ட வந்தாலும் அது ஒடம்புல இருந்து துளி மின்சாரம் கசியும், அதே அளவு மின்சாரத்த முட்டைக்குப் பக்கத்துல விட்டுப் பாத்தா உள்ள இருக்கற குஞ்சு மூச்சையே நிறுத்திட்டு வால ஒடம்போட சுருட்டிக்கினு செல மாதிரி ஆயிடுது. இன்னும் உலகத்தயே பாக்கல, அதுக்குள்ள எதிரி வாசப்படில நிக்கிறான்னு தெரியுது. மூக்கச் சுத்தி ஜெல்லி ரொம்புன பொடித் துளைங்க இருக்கும் சுறாவுக்கு, மின்சாரத்த மோப்பம் புடிக்கறது அதுலதான், முட்டைக்குள்ளயே அது வேல செய்ய ஆரம்பிச்சுடுது. பெருசானப்புறம் மண்ணுக்குள்ள பொதைஞ்ச நண்டையும் எறாலையும் ராத்திரில கண்டுபுடிக்கறதும் இதே துளைங்கள வச்சுத்தான்.

ஆம்பளயே இல்லாமலும் குஞ்சு வரும், நம்புங்க. 2002-ல அமெரிக்காவுல டெட்ராய்ட் ஊரு மீன் காட்சியகத்துல வெள்ளைப்புள்ளி மூங்கில் சுறா ஒண்ணு, ஆண் தொணையே இல்லாம போட்ட முட்டையில இருந்து குஞ்சு பொரிச்சுது. சான் ஃபிரான்சிஸ்கோல இன்னொரு பழுப்புப் பட்டை, ஆண் கூட சேந்து 45 மாசம் கழிச்சு, ஏறக்கொறைய நாலு வருஷம் விந்த உள்ளயே பத்தரப்படுத்தி வச்சிருந்து குஞ்சு குடுத்துருக்கு. இத எங்க வீட்ல சொன்னப்ப எங்க அத்த, "அப்ப ஆம்பளைங்கள வச்சுக்கினு நாங்க இன்னாத்துக்குக் கஷ்டப்படறோம்"னாங்க.

பையன் சொன்னதுக்கு வருவோம். அவன் சொன்னது பாதி சரி. நடுக்கடல்ல ஓடுற சில சுறாங்களுக்கு வாயத் தொறந்துக்கினு நீந்துனாத்தான் செவுளு வழியா தண்ணி போகும், நின்னா மூச்சு முட்டும். ஆனா தரைல கெடக்கற ஜாதிங்களுக்கு அந்தப் பிரச்சனையே கெடையாது, கன்னத்தயும் தொண்டையயும் துருத்தி மாதிரி அமுக்கி அமுக்கி தண்ணிய தானே இழுத்துக்கும். கண்ணுக்குப் பின்னாடி கொஞ்சம் கீழ ஒரு ஓட்ட இருக்கும், மார்க்கெட்ல பாத்தா காது ஓட்டன்னு நெனைப்பீங்க, தண்ணி அது வழியாவும் உள்ள போகும், மூஞ்சி மண்ணுல பொதைஞ்சு கெடந்தாலும் மூச்சு நிக்காது. பகல் பூரா பாற சந்துலயோ பவளத்துக்கு அடியிலயோ அசையாம கெடந்துட்டு பொழுது சாஞ்சப்புறம்தான் தீனிக்குக் கெளம்பும், அதுவும் முக்காவாசி நேரம் நீந்தாது, முன் துடுப்பையும் பின் துடுப்பையும் மாத்தி மாத்தி ஊனி பல்லி மாதிரி தவழும். கரையில இருந்து எண்பது மீட்டர் ஆழம் வரைக்கும் இப்படி தரையோட தரையாவே வாழ்க்க.

அதுமட்டுமில்ல, மூச்சே இல்லாமலும் தாங்கும். நம்ம மூங்கில் சுறாவோட இன்னொரு சொந்தக்காரன், ஆஸ்திரேலியாவுல தோள்பட்டைக்கு மேல பெரிய கறுப்பு வட்டம் போட்டுக்கினு இருக்கும், ஆங்கிலத்துல எப்பலெட் சுறாம்பாங்க. ராத்திரி கடல் உள்வாங்கினா பவளத் திட்டுல குட்டை குட்டையா தண்ணி தேங்கிடும், அதுல இருக்கற ஆக்சிஜன பவளமும் மத்த உயிருங்களும் இழுத்து இழுத்து ஒண்ணுமில்லாம பண்ணிடும், மத்த மீனு திணறுறப்ப இது மூளைக்குப் போற செலவக் கொறச்சு, இதயத் துடிப்பக் கொறச்சு, ஒரு மணி நேரம்கூட தாக்குப் புடிச்சு, வேணும்னா துடுப்ப ஊனிக்கினு பாற மேலயே நடந்து அடுத்த குட்டைக்குப் போயிடும். மூங்கில் சுறாவுல பழுப்புப் பட்டைய வச்சும் சோதிச்சுருக்காங்க, அதுவும் ஆக்சிஜன் இல்லாம தாங்குற ஆளுதான். நானே கண்ணால பாத்துருக்கன். பழவேற்காட்ல ஒரு ஃபைபர் படகு, நண்டு வல, காலைல ஏழு மணி இருக்கும், கூடையில ஈர சாக்குக்கு அடியில கெடந்தத நான் ஸ்கேல் வச்சு அளக்குறன், 52 சென்டிமீட்டர்னு எழுதிட்டு பாத்தா கன்னம் மெதுவா உப்பி அடங்குது. வல எடுத்து ஒண்ணர மணி நேரம் ஆச்சாம். வல உதறிக்கினு இருந்த அக்கா, "அது அப்டித்தான் தம்பி, லேசுல சாவாது"ன்னு சொல்லிட்டு வால புடிச்சு தண்ணில வீசிட்டாங்க. ஒரு நிமிஷம் அடியில அப்படியே கெடந்துது, அப்புறம் கலங்கல்ல காணாமப் போச்சு. வெலைக்கும் பெருசா போகாத மீனு, தூக்கிப் போட்டா பொழைச்சுக்கும், இந்த ஒரு விஷயத்த வலக்காரங்க எல்லாரும் அந்த அக்கா மாதிரி பண்ணா எவ்ளோ நல்லாருக்கும்னு அப்ப நெனச்சன். அடி மடி இழுக்குற பெரிய விசைப்படகுல அதுக்கு வாய்ப்பில்ல, மணிக்கணக்கா வலைக்குள்ள நசுங்கி வர்றதுல எது உயிரோட இருக்கும்.

வாயப் பத்தி ஒரு வார்த்த சொல்லணும். பால் சுறாவுக்கு மூக்கு கூரா நீட்டிக்கினு வாய் அடியில எங்கயோ தள்ளி இருக்கும். இதுக்கு வாய் சின்னது, கண்ணுக்கு முன்னாலயே இருக்கும், கடிச்சுக் கிழிக்கற வாயே இல்ல, உறிஞ்சற வாய். எறாலு, புழு, பொடி மீன எல்லாம் ஸ்ட்ராவுல ஜூஸ் இழுக்கற மாதிரி ஒரே இழுப்பு. நண்டு கெடச்சா? பல்லு கூராத்தான் இருக்கும், ஆனா ஓடு மாதிரி கெட்டியா ஒண்ணு அமுங்குனா பல்லெல்லாம் உள்பக்கமா மடங்கிப் படுத்துக்கும், அப்ப கூர் மறைஞ்சு தட்டையான பக்கம் மேல வந்துடும், அதுல வச்சு பாக்கு மாதிரி நொறுக்கிடும். மெத்துன்னு இருக்கற மீனுன்னா குத்திப் புடிக்கற ஊசி, நண்டுன்னா அம்மிக்கல்லு, ரெண்டும் ஒரே பல்லு. மனுசனக் கடிக்குமான்னு பையன் கேப்பான், வெரல வாயில விட்டா யாருதான் கடிக்க மாட்டாங்க, மத்தபடி ஒண்ணும் பண்ணாது.

சொந்தக்காரங்க யாருன்னு சொன்னா பையன் குஷியாயிடுவான். பால் சுறா, கொம்பன் சுறா எல்லாம் இதுக்கு ரொம்ப தூரத்து ஒறவு. கிட்டத்துச் சொந்தம் யாருன்னா திமிங்கலச் சுறா, 10 மீட்டரத் தாண்டி வளர்ற உலகத்துலயே பெரிய மீனு, நம்ம நாட்ல 2001-ல இருந்து புடிக்கவே கூடாதுன்னு சட்டம். முழ நீள மீனும் பஸ்ஸு நீள மீனும் ஒரே வரிசையில வருதுங்க. ஆனா அது முட்டைய வெளிய போடாது, 1995-ல தைவான் பக்கம் புடிச்ச ஒண்ணோட வயித்துல 300 குட்டிங்க இருந்துது. இங்க பாருங்க, மறுபடியும் குட்டி.

சாப்பாடு. இத சாப்பிடலாமா, சாப்பிடலாம், வெஷம் கெஷம் எதுவும் இல்ல, ஆனா புள்ள பெத்தவங்களுக்கு புட்டு பண்ணத்தான் வாங்கறீங்கன்னா நீங்க தேடற பால் சுறா இது இல்ல, பேர மாத்தி குடுத்தா ஏமாந்துடாதீங்க. ருசியும் அந்த அளவுக்கு வராது, என் நாக்குக்கு கொஞ்சம் சவசவன்னு இருந்துது. எந்தச் சுறாவா இருந்தாலும் நாளானா மூத்திர நாத்தம் அடிக்குதே ஏன்னு நெறைய பேர் கேப்பாங்க. கடல் உப்பு ஒடம்புத் தண்ணிய உறிஞ்சிடாம இருக்க சுறாங்க யூரியாவ வெளிய விடாம ரத்தத்துலயும் சதையிலயும் சேத்து வச்சுக்கும், செத்தப்புறம் கிருமிங்க அத அம்மோனியாவா மாத்திடும். காசிமேட்ல இருந்து நம்மூருக்கு 140 கிலோமீட்டர், ஐஸ் ஒழுங்கா இருந்தா பரவால்ல, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் இந்தப் பக்கம் விசைப்படகு தடை, அப்ப எங்கெங்கிருந்தோ வரும், மே மாச வேலூர் வெயில் வேற, மூக்கக் கிட்ட கொண்டுபோய் பாத்துட்டு வாங்குங்க. நம்ம ஆயாங்க மஞ்சத்தூள் போட்டு கொதிக்கவச்சு அந்தத் தண்ணிய கொட்டிட்டு, தோல் மேல இருக்கற மணல வழிச்சு எடுத்துட்டுத்தான் உதுப்பாங்க, யூரியா தண்ணில கரையும், அதனால அந்த மொதத் தண்ணிய கொட்டுறது ரொம்ப சரி. மணலுன்னு நாம சொல்றது மணல் இல்ல, செதில்தான், ஒவ்வொண்ணும் பொடிப் பல்லு மாதிரி செஞ்சது, தலையில இருந்து வாலுக்குத் தடவுனா வழுக்கும், திருப்பித் தடவுனா உப்புத்தாள்.

ஆனா வாங்காம வந்தது நல்லதுன்னும் சொல்லுவன், குட்டிங்கறதுக்காக இல்ல. ரெண்டு ரெண்டு முட்டையா போட்டு ஒவ்வொண்ணும் மாசக்கணக்குல பொரிக்கற மீனு, லட்சக்கணக்குல முட்டை விடற மீனுங்க மாதிரி இத அள்ளி எடுத்தா ஈடுகட்ட முடியாது, உலக அளவுல எளிதில் பாதிக்கப்படற இனம்னு ஐயுசிஎன், அதாவது அழியற உயிருங்களக் கணக்கெடுக்கற உலக அமைப்பு, அதோட பட்டியல்ல வச்சிருக்காங்க. சூடு வேற. அந்த ஆஸ்திரேலியா எப்பலெட் சுறா முட்டைய 27 டிகிரி தண்ணில வச்சா 125 நாள்ல பொரிக்குது, 31 டிகிரின்னா 100 நாள்லயே வந்துடுது, சீக்கிரம் வந்தா நல்லதுதானேன்னு தோணும், ஆனா சின்னதா, தெம்பில்லாம வருது. மாசம் முழுசா ஆகாம பொறந்த புள்ள மாதிரி.

வளக்கறது பத்தி. சென்னைல கொளத்தூர் பக்கம் போனீங்கன்னா கலர் மீன் கடைல யாராவது பட்டை போட்ட குஞ்சயோ முட்டையயோ காட்டுவாங்க, பாக்க அவ்ளோ அழகா இருக்கும், பையன் அங்கேயே உக்காந்துடுவான். வேணாம்ணா. அது ஒண்ணர அடி, ரெண்டு அடின்னு வளரும், தரையில தவழ எடம் வேணும், குறஞ்சது ஆயிரம் லிட்டர் தொட்டி, அதாவது உங்க மொட்ட மாடி சின்டெக்ஸ் டேங்க்க ஹால்ல வச்ச மாதிரி, தண்ணி வெயிட் மட்டுமே ஒரு டன்னு. நம்ம போர் தண்ணில உப்பு கரிச்சாலும் அது கடல் உப்பு ஆகாது, கடல் உப்பு வாங்கி அளந்து கலக்கணும், மீனுக்கு ஒடம்பு சரியில்லன்னு கடையில குடுக்கற செம்பு கலந்த மருந்து சுறாவுக்கு ஆகவே ஆகாது. கரண்ட் போயி ஃபில்டர் நின்னா? ஆக்சிஜன் இல்லாம கொஞ்ச நேரம் தாங்கும்னு சொன்னன் இல்ல, அது ஒடம்பு வச்சிருக்கற ஆபத்துக்கால சேமிப்பு, தெனமும் எடுத்துச் செலவு பண்ணா எப்படி. நம்மூர் மே மாசத்துல தண்ணிய 26, 27-ல நிறுத்தறதுக்கே தனியா மெஷின் வேணும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ரெண்டடி தொட்டில வச்சாரு, அது திரும்ப எடமில்லாம மூக்க கண்ணாடில தேச்சுத் தேச்சே புண்ணாக்கிக்கிச்சு, மூணாவது மாசம் ஃபோன் பண்ணி இத எங்க விடறதுன்னு கேட்டாரு.

பையனுக்கு ஆச இருந்தா ஒரு காரியம் பண்ணுங்க. லீவுல சதுரங்கப்பட்டினம் பக்கம் கூட்டிக்கினு போங்க, நம்ம பாலாறு கடல்ல சேர்றது அந்தப் பக்கம்தான், தண்ணி வந்தாலும் வராட்டியும் முகத்துவாரம் இருக்கு. காத்து அடிச்ச மறுநாளு காலைல கரையில ஒதுங்குன பாசிக் குப்பைய குச்சியால கெளறச் சொல்லுங்க. பழுப்பா, தட்டையா, நாரு ஒட்டிக்கினு தோலு மாதிரி ஒண்ணு கெடச்சாலும் கெடைக்கும். வெயிலுக்கு நேரா தூக்கிப் பாக்கச் சொல்லுங்க, ஒரு ஓரம் வாய் பொளந்து உள்ள காலியா இருந்தா குஞ்சு வெளிய போயாச்சு, அத வீட்டுக்கு எடுத்துக்கினு வரலாம். உள்ள எதாவது ஆடுச்சுன்னா அலைக்கு அந்தாண்ட ஆழமா தூக்கிப் போட்டுட்டு வந்துடுங்க.